கை என்று எழுதியது கை அல்ல

திருவண்ணாமலை
12.8.1993

அன்புள்ள எழில் அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, உன் மாமியாருக்கு மட்டுமல்ல, பிரசாத் மாமாவுக்கும் காட்டாதே, காலில் விழுந்து கேட்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம், நீயும் பாப்பாவும் நலமாகிவிட்டால் அம்மா ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிடுவாள். அவள் என் காதில் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஆசீர்வாதத்தை முதலிலேயே எழுதிவிடச் சொல்கிறாள், முடிவில் நேரம் இருக்குமோ இருக்காதோ.

போன கடிதத்தில் நடந்த தப்பு என்னுடையதுதான். பால் கொடுக்கும் இடத்தில் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று என் தோழி ஆதிலட்சுமி வீட்டு விலாசத்துக்கு ரகசியமாக எழுதியிருந்தாய். அம்மா நர்ஸ் எல்லம்மாளிடம் கேட்டு வந்து அடுப்படியில் வரிவரியாகச் சொன்னாள். ஆனால் உறையை ஒட்டுவதற்கு முன் அப்பா கண்ணாடி போட்டுப் படிப்பாரே. பயந்துபோய், அந்த வார்த்தை வந்த இடத்திலெல்லாம் கை என்று எழுதிவிட்டேன். அதனால்தான் கைக்கு ஒத்தடம் கொடு, பாப்பா வாயை நன்றாகத் திறந்ததும் கையை உள்ளே வை என்றெல்லாம் உனக்கு வந்தது. மாமா அதைப் படித்துவிட்டு உன் இரண்டு கைக்கும் மூன்று வேளை ஒத்தடம் கொடுத்தாராமே. அழுதேன் அக்கா, நடுவில் சிரிப்பும் வந்தது, மன்னித்துவிடு.

இங்கே அப்பா, கொழந்த கை வீங்கிக் கெடக்குது, நான் சும்மா இருக்கறதான்னு கோயில் பக்கத்துக் கடையில் வெள்ளித் தகட்டில் ஒரு கை வாங்கி உண்டியலில் போட்டார், பௌர்ணமிக்கு மலையும் சுற்றினார். பிறகு கை நன்றாக இருக்கிறது என்று நீ அவருக்கு எழுதினாயா, பாத்தியா தனம், போட்ட நாலாம் நாளே சரியாயிடுச்சுன்னு அம்மாவிடம் தொடங்கித் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது கை வலிக்காரர்கள் நம் வீட்டுக்கு வந்து, எந்தக் கடைங்கன்னு விசாரிக்கிறார்கள். உனக்குப் போன் செய்யலாமென்றால் பூத் அருணகிரி நாம் பேசுவதை வரிசையில் நிற்பவர்களுக்கும் சொல்லிவிடுவார். காலையில் உங்கள் ஊர் பிலாய்க்குக் கிளம்பும் தருமன் சித்தப்பாவிடம் முறுக்கு டப்பாவுக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன்.

இப்போது அங்கே சிவந்து, காய்ச்சலும் வந்துவிட்டது, கெட்ட பால் என்று மாமியார் நிறுத்தச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். நிறுத்தாதே. பால் கெடவில்லை, வலிக்கிற பக்கமும் கொடு, பாப்பா குடிக்காமல் தூங்கிவிட்டால் கையால் பீச்சி எடுத்துவிடு, தேங்கினால்தான் கட்டும் என்கிறார் நர்ஸ். காம்பை மட்டும் கவ்வினால் வெடிக்கும், சுற்றியுள்ள கறுப்பும் வாய்க்குள் போக வேண்டும். பாப்பாவை வெடுக்கென்று இழுக்காதே, வாயோரம் சுண்டுவிரல் விட்டு எடு. இறுக்கமான ஜாக்கெட் வேண்டாம். இந்த முறை கை என்றால் கைதான், கையைக் கழுவிக்கொள். மாமாவிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி டாக்டரிடம் போ, பால் கொடுப்பதை மறக்காமல் சொல், அதற்கேற்ற மாத்திரை தருவார்கள். தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்குமாம். இவ்வளவு எழுதியும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் எழுத முடியவில்லை

கதவைத் தட்டுகிறார் அப்பா. செல்வி, தூங்கலையா, அக்காவுக்கு வலது கையாம்மா எடது கையா, நான் மாத்திப் போட்டுட்டனோன்னு தூக்கமே வரலைங்கிறார். அம்மா விளக்கை அணைக்கிறாள். கை இல்லை அக்கா. மார்பு. எழுதிவிட்டேன். டாக்டரிடம் உடனே