நிலாக் கதையின் தையலைப் பிரித்தேன்

வியாழன், இரவு.

நோட்டுப் புத்தகமே, சாப்பிட்டாயா? நான் இன்னும் இல்லை.

கோயில்களில் கதை சொல்கிறவன் என்று, விஞ்ஞான நாவல் போட்டிக்கு என்னையும் நடுவராகப் போட்டிருக்கிறார்கள். ஸ்கூடாய் ஊர்ப் பெண் ஒருத்தி தானே அச்சடித்து, தானே நூலால் தைத்து அனுப்பிய நாவலைத் தள்ளச் சொன்னார் தலைமை நடுவர்.

“செத்துப்போன அம்மா அடுத்த பக்கத்துல நிலாவுல டீ கலக்குறாங்க. ஒரே குழப்பம் லா, அண்ணே.”

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், பஸ் போர்டைக்கூட. அதனால் பக்க எண்ணையும் படித்தேன். தைக்கும்போது தாள்கள் மாறியிருந்தன. தையலைப் பிரித்து வரிசையாக அடுக்கினேன். அம்மா கடைசியில்தான் சாகிறாள். அழுதுவிட்டேன்.

தலைமை நடுவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அலமாக், ஐயையோ, நாங்க யாரும் பாக்கலயே. நாளைக்கு மறுபடி படிக்கிறோம்,” என்றார்.

நடுவர் எழுத்தாளரிடம் பேசக் கூடாதாம். பேசலாம் என்றால், “அம்மாடி, உங்க கதையில வர்ற அம்மாவ நான் பக்கத்துலயே இருந்து பாத்த மாதிரி” என்று... இரு, தோசை ஆறுகிறதென்று வீட்டுக்காரி கூப்பிடுகிறாள், வந்து எழுதுகிறேன்.