முதல் வெட்டு

ஆயுத பூஜை, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மச்சினன் சேகர் என் ஜப்பான் வாளை அலமாரியிலிருந்து எடுத்து, புது பைக்கின் பூஜைக்கு அதைக் கொண்டு எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டான். அந்த வாளுக்குப் பிடியும் உறையும் வெறும் மரம். வாள் ஓய்வில் இருக்கும்போது போடுகிற உறை அது, வார்னிஷ்கூட அடிக்கக் கூடாது. அதில் சந்தனப் பொட்டு வேறு வைத்திருக்கிறான். மரத்தில் ஊறிவிட்டது, இனிப் போகாது. விரல்கூடப் படாமல் எண்ணெய் போட்டுக் காப்பாற்றிய இரும்பில் எலுமிச்சைச் சாறு!

“கத்தின்னா வெட்டத்தான மாமா? சும்மா வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?” என்கிறான். “ஒரு பழத்துக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?” என்று அவன் அக்காவும் சேர்ந்துகொண்டாள். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் என் ஸ்பேனரைத் தொடவே ஆட்கள் பயப்படுவார்கள். குவார்ட்டர்ஸில் எனக்கு இதுதான் மரியாதை.

எல்லோரும் போன பிறகு, பைக்கின் அருகே கிடந்த பாதிப் பழத்தை எடுத்துக் குங்குமத்தைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். ஒரு விதை, நசுங்காமல், சரிபாதியாக அறுபட்டிருந்தது. அப்படி வெட்டும் என்று எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் துடைத்துத் துடைத்து வைத்தவன் நான். வெட்டிப் பார்த்தவன் அவன்.