கேட்காமல் எடுத்த குரல்

சனிக்கிழமை உன் தம்பி பெஹாலாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து உன் நினைவு நிகழ்ச்சிக்கான அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போனான். அட்டையில் உன் படம். கழுத்தைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாய். கீழே அச்சிட்டிருந்தது: நடனம், குரலமைப்பு. பக்கத்தில் உன் பெயர் மட்டும். செத்துப்போன பிறகும் நீ அதை விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு நான் வெட்கப்படவும் இல்லை.

"தீதி, நீங்க அவசியம் வரணும். அக்காவோட க்ளோஸ் ஃப்ரெண்ட் நீங்கதானே" என்றான். வங்காளத்தில் அக்காவை அழைப்பதுபோல என்னைத் தீதி என்றுதான் கூப்பிடுவான். ஆறு வருஷமாக நாம் பேசிக்கொள்ளவில்லை என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நீயும் சொல்லியிருக்க மாட்டாய். டெங்கு வந்து ஐந்தே நாளில் போய்விட்டாய்.

பத்து வருஷம் பரதம் ஆடிவிட்டுச் சலங்கையைக் கழற்றி வைத்தவள் நீ. நானோ பாட்டுக் கற்றுக்கொண்டு, பாட்டை விட்டு வந்தவள். சொல்லும் ராகமும் இல்லாமல் மூச்சையும் முனகலையும் வைத்தே ஒன்றைக் கட்டி எழுப்ப முடியுமா என்று அலைந்துகொண்டிருந்தேன். தமிழ்ச் சங்கத்து மாமிகள் என்னைப் பார்த்து, "தொண்டை சரியில்லையா?" என்று கேட்பார்கள். நீ மட்டும் கேட்கவில்லை. "பாட்டுக்கு ஆடி ஆடி அலுத்துப்போச்சு. நீ பண்றதுக்கு ஆடலாம்" என்றாய். கிடர்பூரில் ஓர் அச்சகத்து மாடியில் அறை பிடித்தோம். கீழே இயந்திரம் ஓடும்போது தரை அதிரும். நீ செருப்பில்லாமல் நின்று அந்த அதிர்வைக் காலில் வாங்கிக்கொள்வாய்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் முப்பது வருஷம் போனில் கத்தியே ரயில்களை அனுப்பியவர். பேச்சு முழுவதும் போய், 'லோ' என்ற ஒரே ஒலி மிஞ்சியது. ஹலோவின் பின்பாதி அது என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. தண்ணீர் வேண்டுமென்றால் லோ, வலித்தால் லோ, நான் வீட்டுக்கு வந்தாலும் லோ. ஒவ்வொன்றும் வேறு நீளம், வேறு கனம். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைக் குறித்துக்கொண்டேன். என் தொண்டையில் அவற்றைக் கொண்டுவரப் பழகினேன். நாற்பது நிமிஷப் படைப்பு ஒன்று உருவானது. என் வாழ்க்கையில் நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஒத்திகைக்காக அதைப் பதிவு செய்து உனக்குக் கொடுத்தேன். வெளிநாட்டு விழாவிலிருந்து அழைப்பு வந்ததும் நீ அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாய். அப்பாவை விட்டு நான் வர முடியாது என்று நீயாகவே முடிவு செய்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெயரையும் போடவில்லை.

எனக்கு அது தெரியவந்த விதம் இன்னும் மோசம். பௌதி, அதாவது அண்ணி, என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி, நீ அந்த விழாவில் ஆடிய வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, உன் முகம் தெரிந்த சந்தோஷத்தில் ஓடிவந்து அப்பாவின் முன்னால் நீட்டினாள். என் குரலில் லோ, லோ என்று வந்தது. இடையில் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். கடைசியில் பெரிய கைதட்டல். அப்பா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் பேச்சுதான் போயிருந்தது, புத்தி போகவில்லை.

அன்றிலிருந்து அவர் லோ சொல்லவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினார். அடுத்த வருஷம் இறந்துபோகும்வரை தட்டிக்கொண்டேதான் இருந்தார்.

அவர் சொல்வதை நிறுத்திய மூன்றாம் நாள் உனக்குப் போன் செய்தேன்.

"யாரைக் கேட்டு அதை எடுத்துட்டுப் போன?"

நீ மெதுவாக, "நீ யாரைக் கேட்டு எடுத்த?" என்றாய்.

போனை வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன், ஒருவேளை சேர்ந்திருப்போம். நீ உண்மையைச் சொன்னாய். அதனால்தான் உன் முகத்தில் விழிக்கக்கூடாது என்று ஆனது.

நேற்று நிகழ்ச்சிக்குப் போனேன். மூன்றாவது வரிசை. அதே பதிவைப் போட்டார்கள், உன் மாணவி ஆடினாள். முடிந்ததும் அவளிடம் போய், "நன்றாக ஆடினாய்" என்று வங்க மொழியில் சொன்னேன். "தீதியோட குரல் இருக்கும்போது ஆடறது கஷ்டமில்ல" என்றாள். உன் குரல் என்றே நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. திருத்தினால் யாருடைய குரல் என்று சொல்வது?

டாக்ஸியில் திரும்பும்போது இத்தனை வருஷமாக நினைக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. நீ வீட்டுக்கு வரும் நாட்களில் அப்பா லோ என்றால், எந்த அறையில் இருந்தாலும் "சொல்லுங்க அங்கிள்" என்று குரல் கொடுத்துக்கொண்டே எழுந்து போவாய். என்ன வேண்டுமென்று உனக்குத் தெரியாது. தெரியாமலே போய் நிற்பாய். அப்போது நான் பென்சிலோடு, அந்த ஒலி எத்தனை விநாடி நின்றது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் அப்பா கூப்பிட்டபோது பதில் சொன்னவள் நீதான்.