அருளப்பனின் ஆறு தொட்டிகள்

என்னை இன்னும் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கும் அருமைச் சகலை அருளப்பன் அவர்களுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். உங்கள் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, காற்றில் அணைந்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சொல்ல வந்த சேதியை அங்கே சொல்ல முடியவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த குடும்பம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதாக எனக்குப் பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தானே படும்?

ஆனால் இந்தச் சேதியை நாலு பேர் கேட்கத்தான் வேண்டும். அதனால் கடிதமாக எழுதி, நம் தோட்டச் சங்கத்து மலரில் அச்சிடக் கொடுக்கிறேன். நாலு பேர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்தவன், தனியாக வந்து காதோடு காதாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது நியாயமில்லை.

நம் கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நாம் இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். நீங்கள் மூத்தவள் ரோசக்காவை, நான் இளையவள் லூர்துவை. நீங்கள் பெங்களூர்த் தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்ட்டில், ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர், நான் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரேசர் டவுனில் உங்கள் வீட்டில்தான் கறிச்சாப்பாடு. நீங்கள் கலக்கும் இருமல் மருந்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன். நீங்கள் இன்னொரு துண்டுக் கறியை என் தட்டில் வைப்பீர்கள். வாயை அடைக்கத்தான் வைக்கிறீர்கள் என்று அதையும் சந்தேகத்தோடு தின்பேன்.

சங்கத்தில் எனக்குப் பெயர்ச்சீட்டு வேலை. கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு செடியும் இன்ன குடும்பம், இன்ன பேரினம், இன்ன இனம் என்று புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அட்டையில் எழுதித் தொட்டியில் கட்டவேண்டும். பொய்ப் பெயரில் ஒரு செடியும் என்னைத் தாண்டிப் போனதில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. இல்லை என்று எழுதினால் நீங்களே எழுந்து வந்துவிடுவீர்கள்.

கர்னல் வீட்டுத் துரைசானியம்மாள் ஊட்டியிலிருந்து கொண்டுவந்து பங்களாவின் வடக்குச் சுவரோரம் நட்ட செடிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். லில்லிக் குடும்பம், சீனா ஜப்பான் பக்கத்துப் பிறவி. பெரிய வெற்றிலை போன்ற இலைகள் தரையிலிருந்தே கொத்தாக எழும். நரம்புகள் ஓரத்தோடு ஒட்டி வளைந்து போய் நுனியில் சேரும். நடுவிலிருந்து ஒரு காம்பு நீண்டு, ஊதா மணிகளாகப் பூக்கும். துரைசானிக்கு மருந்து கொண்டுபோன நீங்கள், மருந்தைக் கொடுத்துவிட்டு அந்தச் செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டீர்களாமே.

அதற்கு ஃபங்கியா என்று பெயர் இருந்தது. அதைவிடப் பழைய பெயரான ஹோஸ்டாதான் செல்லும் என்று பெரிய தாவர அறிஞர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். முதல் பெயர் ஒரு மருந்துக் கடைக்காரரை நினைத்து வைத்தது, மற்றது ஒரு டாக்டரை நினைத்து வைத்தது என்று நான்தான் உங்களுக்குச் சொன்னேன். "பாத்தீங்களா சகலை, செடியில கூட கம்பவுண்டர் பேரை எடுத்துட்டு டாக்டர் பேரை வெச்சுட்டாங்க! எங்க பொழப்பு எல்லா ஊர்லயும் இதுதான்" என்று சிரித்தீர்கள். கடைசிவரை ஃபங்கியா என்றுதான் சொன்னீர்கள். என்னை எரிச்சலூட்டத்தான் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்த ஐஸ். மார்கழி பிறந்தால் விடியற்காலையில் சாக்கில் மரத்தூள் போட்டு ஐஸ்கட்டி சுமந்துகொண்டு போவீர்கள். எதற்கு என்று கேட்டால், "தூங்க வெக்கறதுக்கு" என்று ஒரு பதில். ரோசக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார்கள். "மனுசன் இருமலுக்கே மருந்து குடிக்கமாட்டாரு. இப்ப ஐஸ் வாங்கிட்டு எங்கயோ போய் உக்காந்து குடிக்கிறாரு லூர்து" என்றார்கள். ஒரு நாள் நான் உங்கள் பின்னாலேயே வந்தேன், தெரியுமா? டாக்டர் வீட்டுப் பின்கதவுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டீர்கள். அன்றைக்குக் கதவைத் தட்டியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. தட்டாமல் திரும்பி வந்து, லூர்துவிடம் நாலு கதை கட்டினேன்.

யுத்தத்துக்கு முன்னால் நடந்த கடைசிக் கண்காட்சிக்கு, விதையிலிருந்து வளர்த்த செடிகளின் வரிசையில் ஆறு தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தீர்கள். ஆறிலும் ஊதா மணிகள். பூவின் அடிக்குழாய் சட்டென்று அகலும் விதம், மகரந்தப் பையின் நிறம், இலை நரம்புகளின் எண்ணிக்கை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறும் ஒன்றே. துரைசானி வீட்டுத் தாய்ச்செடியும் அதுவே.

"விதையா சகலை?"

"விதைதான் சகலை. தொரசானி ஒரு காய் விட்டுவெச்சாங்க. நாலு வருஷமாச்சு."

"ஹோஸ்டா விதை போட்டா ஆறும் ஆறு ஜாடையில வரணும். ஒண்ணு குட்டையா, ஒண்ணு நெட்டையா, ஒண்ணு இலை சுருண்டு. தாயை உரிச்சு வெச்ச மாதிரி எப்படி வரும்?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு. ஆனா விதைதான்."

ஆச்சரியமாம்! பிடிபட்டவன் சொல்வது போலவே இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பங்களாவுக்குப் போயிருந்தேன். தாய்க்கொத்தின் ஒரு பக்கத்தை யாரோ மண்வெட்டியால் வெட்டியெடுத்திருந்தார்கள். துரைசானி ஊரில் இல்லை, குன்னூரில் தங்கை வீட்டில் இருந்தார். வெட்டியது யார் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்பானேன், எனக்குத்தான் தெரியுமே!

பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினேன்: "விதை என்பது சந்தேகத்துக்குரியது. தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரித்ததாகத் தோன்றுகிறது." விலக்கப்பட்ட செடியின் பெயர்ச்சீட்டைக் குப்புறத் திருப்பிக் கட்டுவது நம் சங்கத்து வழக்கம். கண்காட்சி முடியும்வரை அது அப்படியே இருக்கவேண்டும், எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. ஆறு சீட்டையும் நானே திருப்பிக் கட்டினேன். ரோசக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கட்டி முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றோடு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

நீங்கள் என்னோடு சண்டை போடவில்லை. அதையும் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். மறுமாதம் உங்கள் டாக்டர், மருந்து அலமாரிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். செடி திருடியவன் என்று பேச்சு பரவிவிட்டது. இருபது வருஷம் உங்கள் இடுப்பில் தொங்கிய சாவி அது. அதைக் கேள்விப்பட்டதும் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். ஆனாலும் சிவப்பு மை சிவப்பு மைதான் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். காரியங்கள் முடிந்த பிறகு ரோசக்கா ஆள் மூலமாக ஒரு மாத்திரை டப்பாவை அனுப்பினார்கள். உள்ளே சிறகு வைத்த கறுப்பு விதைகள். மேலே உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "சகலைக்கு. விதைத்துப் பார்க்கட்டும்."

அதைப் பார்த்து நான் அழுதிருக்கவேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? செத்த பிறகும் என்னை மடக்கப் பார்க்கிறார் என்றுதான். விதைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். புது மண்ணை வறுத்து, புதுத் தொட்டிகளில் விதைத்து, சுற்றிலும் கம்பிவலை அடித்துப் பூட்டுப் போட்டேன். யாராவது செடியை மாற்றி வைத்துவிட்டால்? சாவியை லூர்துவிடம் கூடக் கொடுக்கவில்லை. "செத்தவரு வந்து மாத்தி வெப்பாரா?" என்று கேட்டாள். பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

மார்கழி வந்தது. செடிகள் இலை பழுத்து, பிழைக்கவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் தவித்தன. பனிப்பிரதேசத்துச் செடி அல்லவா, குளிரில் மண்ணுக்குள் ஒடுங்கித் தூங்கி எழுந்தால்தான் மறுபடி தழைக்கும். வடக்குச் சுவர் நிழலில் முற்றிய தாய்ச்செடி எப்படியோ பிழைத்துக்கொண்டது, தொட்டியில் வளரும் கன்றுகளுக்கு நம் பெங்களூர்க் குளிர் போதாது. அப்போதுதான் உங்கள் ஐஸ்கட்டி என் மண்டையில் விழுந்தது. யுத்தத்தால் ஐஸெல்லாம் ராணுவ ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு கட்டி வாங்கி, சாக்கில் சுற்றிச் சுமந்துகொண்டு, நீங்கள் நடந்த அதே தெருவில் நடந்தேன். எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! குடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மூன்று வருஷத்தில் செடிகள் முழு இலை விட்டன. இந்த ஆண்டு முதல் பூ. அத்தனையும் ஒன்று. அத்தனையும் தாய்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் புத்தக அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். ஹோஸ்டா என்ற தலைப்பில் எங்கெங்கோ ஏற்கெனவே தேடிவிட்டிருந்தேன், ஒன்றும் கிடைத்ததில்லை. என் அலமாரியிலேயே ஒரு பழைய தாவரவியல் நூல் இருந்தது. அதன் பின்பக்க அகரவரிசைப் பட்டியலில் ஃபங்கியா என்ற சொல்லை நானே சிவப்பு மையால் அடித்து, "செல்லாத பெயர்" என்று எழுதி வைத்திருந்தேன். அடித்த சொல்லுக்குரிய பக்கத்தை யார் புரட்டுவார்கள்? அன்றைக்குப் புரட்டினேன்.

இருந்தது சகலை. இந்தப் பேரினத்தில் இந்த ஒரு ஊதா மணி இனத்தைப் பற்றி நான் பிறப்பதற்கு முன்பே கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். மகரந்தம் பட்டு விதை பிடிக்கும், ஆனால் விதைக்குள் இருக்கும் கருவில் தகப்பனுக்குப் பங்கே இல்லை. தாயின் திசுவிலிருந்தே அது முளைத்துவிடுகிறது. அதனால் பிள்ளைகள் எல்லாம் தாயின் ஜாடை. உங்கள் கம்பவுண்டர் பெயரில்தான் உங்கள் சாட்சி இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது.

இருந்தும் என் புத்தி போகவில்லை. அப்படியானால் தாய்க்கொத்தை வெட்டியது யார்? குன்னூர் போன துரைசானி திரும்பி வரவே இல்லை, பங்களாவில் இப்போது ராணுவ அதிகாரிகள் குடியிருக்கிறார்கள். தோட்டக்காரர் ஆனேக்கல் முனியப்பா மட்டும் பழைய ஆள். அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"அது நானே தோண்டினது சாமி. தொரசானி அவங்க தங்கச்சிக்கு எடுத்துட்டு போகணும்னாங்க. ரயிலுக்கு நேரமாச்சு, பேக பேக, சீக்கிரம் கட்டுன்னாங்க, கட்டிக் குடுத்தேன்."

"இத்தனை வருஷம் ஏன்யா சொல்லலை?"

"யாரு வந்து கேட்டாங்க சாமி?"

ஆறு செடிகளைத் தனித் தொட்டிகளில் மாற்றி, ஜட்கா வண்டியில் ஏற்றி, ரோசக்கா வீட்டு வாசலில் இறக்கினேன். கதவைத் திறந்த ரோசக்கா உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். விதை, பூட்டு, புத்தகம், முனியப்பா. முடியும்வரை கேட்டார்கள்.

"மூணு வருஷம் பூட்டு போட்டு செடியை விசாரிச்சிருக்கீங்க தம்பி. அவரை ஒரு நாள் உக்கார வெச்சு விசாரிச்சிருந்தா, அந்தப் பின்கதவைத் திறந்து காட்டியிருப்பாரே."

அவர்கள் குனிந்து ஒரு தொட்டியைத் தூக்கி, இலையில் படிந்திருந்த வண்டித் தூசியை முந்தானையால் துடைத்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள்.

"ஐஸ் எங்க கிடைக்கும்? நானும்தான் குடிக்கிறாருன்னு நெனச்சேன்."

சகலை, ஒரு கேள்வி மட்டும் இன்னும் என்னைக் குடைகிறது. அந்த விதைகள் தாயைப் போலவே வரும் என்று தெரிந்துதான் எனக்கு விட்டுவிட்டுப் போனீர்களா? அல்லது உங்களுக்கும் அது கடைசிவரை ஆச்சரியம்தானா? தெரிந்து செய்திருந்தால் என்னைப் பழிவாங்கிவிட்டீர்கள். தெரியாமல் செய்திருந்தால், நான் உண்மையைக் கண்டுபிடிப்பேன் என்று என்னை நம்பியிருக்கிறீர்கள். இரண்டாவதை நினைத்தால்தான் தாங்கமுடியவில்லை.

பதிவேட்டில் சிவப்பு எழுத்தை நான் அடிக்கவில்லை. அதன் கீழேயே, "அருளப்பன் சொன்னது உண்மை. சந்தேகப்பட்டவன் விசாரிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டாக்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். யுத்தம் முடிந்து கண்காட்சி திரும்ப நடக்கும் நாளில், உங்கள் ஆறு தொட்டிகளும் அதே வரிசையில் இருக்கும். ஆறு சீட்டையும் எழுத்து வெளியே தெரியும்படி, ரோசக்கா பார்த்துக்கொண்டிருக்க, இதே கையால் கட்டுவேன். ஹோஸ்டா என்று எழுதி, அதன் கீழே ஃபங்கியா என்றும் எழுதுவேன். அதுவரையிலும் அதற்குப் பிறகும், நான் நடமாடும் மட்டும், மார்கழிதோறும் ரோசக்கா வீட்டுக்கு ஐஸ் சுமப்பது என் வேலை.

உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் போன,
இளையவள் புருஷன், உங்கள் சகலை
சவரிமுத்து