ஐந்து நிமிடப் படங்கள்

ஜூன் 3, செவ்வாய்

ஸ்டூடியோவில் இன்று பாஸ்போர்ட் படம் பதினொன்று. பதினொரு முகமும் ஏதோ செய்து மாட்டிக்கொண்ட முகம்.

மாலையில் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, கேமராக் கடையில் விற்பனையாளன். வந்தால் என் டி.எஸ்.எல்.ஆரை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டான். “மாமா, இத எடைக்குப் போட்டாலே நல்ல விலை வரும். மிரர்லெஸ் வாங்குங்க. உள்ள கண்ணாடியே கிடையாது. எடை பாதி, சத்தம் சுத்தமா வராது.”

பன்னிரண்டு வருடம் சோறு போட்ட கேமரா. அதை வைத்துக்கொண்டே அப்படிப் பேசினால் கோபம் வராதா? வந்தது. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மனைவிக்கு இன்று சதுரங்கப் போட்டி. மற்ற நாளெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிறவள், மாதம் ஒன்றிரண்டு ஞாயிறு காய் நகர்த்தப் போய்விடுவாள். வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, படம் எடுப்பது எல்லாம் நான். படத்துக்கு முதல் ஐந்து நிமிடம்தான் அனுமதி. அதற்கு மேல் கேமராவின் டப் டப் ஆட்டக்காரர்களின் கவனத்தைக் கலைக்குமாம்.

எட்டு வருடத்துக்கு முன், முதல் போட்டியில், வழுக்கை நடுவர் என் கேமராவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், விரலை நீட்டினார். அத்தனை பேர் எதிரில்! அன்றிலிருந்து அவர் விரலைத் தூக்குவதற்குள் நானே வெளியேறிவிடுவேன். ரோஷம்.

இன்றும் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். டிரா. அவளுக்குப் பெரும்பாலும் டிராதான். கூட ஆடுகிறவர்கள் ‘சமாதானம்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். சண்டை பிடிக்காத சுபாவம் போல. வீட்டில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

கடையில் கூட்டமில்லை. அவளுடைய போட்டிப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். கை குலுக்குகிறாள், தலைமுடி கலையவில்லை, முதல் சிப்பாயை நகர்த்துகிறாள். எட்டு வருடமும் இதேதான். ஒரு படத்தில்கூட அவள் யோசிக்கவில்லை. அவள் யோசிக்கும் முகத்தை நான் பார்த்ததே இல்லையே!

ஜூன் 12, வியாழன்

அடுத்த போட்டிக்கான விதிமுறைத் தாள் வந்திருக்கிறது. புதிதாக ஒரு வரி: சத்தமில்லாத கேமராக்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

22ஆம் தேதி இந்த சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் பிரிவு. டிரா ஆனால் மறுபடியும் இரண்டாம் பிரிவு, ஒன்பதாவது வருடம். “பாக்கலாம்” என்றாள். இரண்டு முறை சொன்னாள். அப்படியென்றால் ரொம்ப ஆசை.

மச்சானுக்கு நானே போன் செய்தேன். அவன் சிரித்ததை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 14, சனி

மண்டை காய்கிறது. மிரர்லெஸ் சத்தம் போடாது, சரி. ஆனால் அதற்குள் பார்ப்பது டிவி பார்ப்பது மாதிரி இருக்கிறது. நம்முடையதில் கண்ணாடி வழியாக ஆளையே பார்க்கலாம். நம்முடையது ஒரு சார்ஜில் ஒரு முழு நிகழ்ச்சியைத் தாங்கும். அது பாதியில் படுத்துவிடும் என்கிறார்கள். என் லென்ஸ்களை மாட்ட நடுவில் தனியாக ஒரு வளையம் வேறு. அவள்தான் முடித்துவைத்தாள்: “இப்பவே வாங்கணும்னு யார் சொன்னா? வாடகைக்கு எடுத்துப் பாருங்களேன்.”

ஜூன் 20, வெள்ளி

மச்சான் மூலமாக வாடகைக் கேமரா வந்தாயிற்று. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு பெரியவரிடம் சோதித்தேன். சத்தமே இல்லாமல் நான் நாலு படம் எடுத்து முடித்தாயிற்று, மனிதர் மூச்சைப் பிடித்தபடி சிவந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். “இன்னும் எடுக்கலையாப்பா?”

ஜூன் 22, ஞாயிறு

உள்ளே இருந்தேன்!

ஐந்து நிமிடம் ஆனது, யாரும் விரல் நீட்டவில்லை. அவள் யோசிக்கும்போது கீழுதட்டை மடித்துக் கடிக்கிறாள். ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவிக்கொள்கிறாள். இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இது தெரியாது. எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது மணி நேரத்தில் கேமரா படுத்துவிட்டது. இன்னொரு பேட்டரி வீட்டில், சார்ஜரில், பத்திரமாக இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தேன். நடுவர் கிட்ட வந்து குசுகுசுத்தார்.

“எங்க சார் போறீங்க?”

“கேமரா ஓடலை.”

“அதுக்கு? உக்காந்து பாருங்க.” கயிற்றுக்குப் பின்னால் ஒரு வரிசை நாற்காலி. ஆட்டம் முடித்தவர்களுக்கானது என்று நினைத்திருந்தேன்.

“நீங்கதானே எட்டு வருஷமா என்னை வெளியே...”

“கேமராவத்தான் சார் வெளியே வைக்கச் சொன்னேன். உங்கள யார் போகச் சொன்னா?”

உட்கார்ந்தேன். வெறும் கையோடு. நாலாவது மணி நேரத்தில் எதிராளி டிரா கேட்டார். அவள் தலையை நிமிர்த்தி அறையைச் சுற்றிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். இன்னும் ஒரு மணி நேரம் ஆடி, ஜெயித்துவிட்டாள்.

வண்டியில் கேட்டேன், இன்றைக்கு மட்டும் ஏன் டிராவுக்குச் சம்மதிக்கவில்லை என்று.

“நீங்க உள்ளதானே இருந்தீங்க. மத்த நாளெல்லாம் மனுஷன் வெயில்ல காஞ்சுட்டு இருப்பாரேன்னு இருக்கும். பாதிலயே டிரான்னு கை நீட்டிடுவேன்.”

“எல்லா டிராவுமா?”

“எல்லாம் இல்ல.” கொஞ்ச தூரம் போன பிறகு, “முக்கால்வாசி” என்றாள்.

ஜூன் 23, திங்கள்

நடுவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா. வாயை என்ன வாடகைக்கா விட்டிருந்தே? பெரிய ரோஷக்காரன். எட்டு வருஷம் — அவளோட எட்டு வருஷம்!

ஜூன் 24, செவ்வாய்

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “நானும்தான் சொல்லல, விடுங்க” என்றாள். விட முடியவில்லை.

ஜூன் 28, சனி

வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. “அருமையான கேமரா, வேண்டாம்” என்றேன். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

முதல் பிரிவில் முதல் ஆட்டம். ஐந்து நிமிடம் பழைய கேமராவில் டப் டப் என்று எடுத்தேன். பையை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு மூன்றாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

ஐந்தரை மணி நேரம். தோற்றுவிட்டாள்.

வெளியே வந்ததும் வண்டியில் ஏறக்கூட இல்லை. முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் பளபளப்பு. “யானையை வேணும்னே வெட்டுக் கொடுத்தேனே, பாத்தீங்களா?”

“பார்த்தேன்” என்றேன். அதைக் கொடுத்தபோது அவள் இரண்டு காலையுமே செருப்பிலிருந்து உருவிக்கொண்டதையும் பார்த்தேன்.