லண்டன் பார்த்தாச்சு, மாமா

லண்டனைப் பார்க்காமலேயே பார்த்துவிட்ட என் பிரியமான மாமாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் வரியிலேயே உங்கள் குட்டை உடைத்துவிட்டேன். இனிமேல் மறைத்துப் பயனில்லை. லண்டன் விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரியிலிருந்து, ஈரோட்டில் உங்களோடு காலை நடை போனவர்கள் வரை எல்லாருக்கும் தெரிந்துபோய்விட்டது.

இந்தக் கோடை விடுமுறையில் நாங்கள் லண்டனுக்குப் போனோம். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து, தெருவில் நடந்து, நாலு நாள் தங்கிப் பார்த்தோம். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இன்று சனிக்கிழமை. உங்கள் மகன், பேத்தி கயலை டென்னிஸ் வகுப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். இங்கே அமெரிக்காவில், எங்கள் மான்மவுத் ஜங்ஷன் வீட்டில் நான் மட்டும்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் அத்தையையும் கூட்டிக்கொண்டு எங்களைப் பார்க்க நியூ ஜெர்சி வரும்போதெல்லாம் லண்டனில் விமானம் மாறுவார். கண்ணாடிச் சுவர் ஓரமாக நாற்காலி பிடித்து உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார். ஊருக்குப் போனதும் "லண்டன் பார்த்தாச்சு" என்பார். வெளியே போக விசா இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

அதோடு விட்டீர்களா? லண்டன் கிளம்புகிறவர்களுக்கு யோசனை வேறு சொல்வீர்கள். எதிர்வீட்டுக்காரர் மகனைப் பார்க்கப் போனபோது, "ஆத்தை விட்டுட்டு எங்கயும் போகாதீங்க, எல்லாம் அதோட ரெண்டு கரையிலயும்தான் இருக்குது" என்று சொல்லி அனுப்பினீர்கள். விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததை வைத்துச் சொன்னது அது. நான் எத்தனை நாள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். போய்ப் பார்த்தால், மாமா, நீங்கள் சொன்னதுதான் சரி. பாராளுமன்றம், மணிக்கூண்டு, ராட்சதச் சக்கரம், கோட்டை, பாலம், எல்லாமே தேம்ஸ் கரையில்தான் இருக்கின்றன.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காலை நடை முடிந்து வந்து பேப்பரைப் பிரித்தவர், அதை மடிக்கவில்லை. காரியம் முடிந்ததும் அத்தையை எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். உங்கள் மகன் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினார், அதுவும் வந்துவிட்டது. மகன் என்ற முறையில் அவர் எதிலும் குறை வைக்கவில்லை.

ஆனால் இந்த ஊர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். பால் வாங்க வேண்டுமென்றாலும் காரை எடுக்க வேண்டும். நாங்கள் வேலைக்கும் கயல் பள்ளிக்கும் போன பிறகு, அத்தை எங்கள் குடியிருப்பைச் சுற்றியிருக்கும் நடைபாதையில் நடப்பார், திரும்பி வருவார், மறுபடி நடப்பார். கோவிலுக்குப் போக யாராவது ஆன்ட்டி ரைடு கொடுத்தால் உண்டு. ஒரு முறை கூட அலுத்துக்கொண்டதில்லை. அலுத்துக்கொண்டிருந்தால் எங்களுக்கும் உறைத்திருக்கும்.

இந்தக் கோடையில் ஈரோட்டு வீட்டை விற்றுவிடுவது என்று ஏற்பாடு. அத்தை இனி நிரந்தரமாக இங்கேயே இருப்பார் என்றார் உங்கள் மகன். போகிற வழியில் நாலு நாள் லண்டனில் இறங்கலாம் என்றது நான். அத்தையின் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா எடுத்தோம், கைரேகை கொடுத்தோம், எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே போய் இறங்கியதும்தான் உங்கள் கைவரிசை.

அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, பிரிட்டனுக்கு முதல் தடவையா என்று கேட்டார். உங்கள் மகன் "எஸ்" என்று வாயெடுப்பதற்குள் அத்தை "நோ, நோ" என்று கையை ஆட்டினார். "ஏழெட்டு வாட்டி வந்திருக்கறோம்னு சொல்லு கண்ணு." விரலைக் காட்டியும் சொன்னார். அதிகாரி பாஸ்போர்ட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிறார், பிரிட்டன் முத்திரை ஒன்று கூட இல்லை. உங்கள் மகனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நான்தான் முந்திக்கொண்டு, விமானம் மாறியதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று விளக்கினேன். அந்த மனிதர் சிரித்துவிட்டு, அதெல்லாம் கணக்கில் சேராது என்று சொல்லி முத்திரை குத்தினார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னதைப் பொய்யாக்கிவிட்டாராம்.

சரி, யோசனைக்கு வருகிறேன். அங்கே யாராவது கேட்டால் சொல்வதற்கு உங்களுக்கும் சரக்கு வேண்டாமா? அரண்மனைக் காவலர் மாறுவதைப் பார்க்கப் போக வேண்டாம். முன்னால் நிற்பவர்கள் தூக்கிப் பிடித்த செல்போன்கள்தான் தெரியும். பெரிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஒரு நாளில் ஒரு பக்கம் போதும். மம்மிகள் இருக்கும் கூடத்தில் கூட்டம் அலைமோதுகிறது. அத்தை வாசலோடு திரும்பிவிட்டார். "காரியம் பண்ணாம எதுக்கு இன்னும் வெச்சிருக்கறாங்க, பாவம்" என்றார். முட்டி வலி உள்ளவர்கள் பாதாள ரயிலை நம்பக் கூடாது, பல நிலையங்களில் படிகள் முடியவே முடியாது. இருப்பதிலேயே நல்ல காட்சி, மாடிப் பேருந்தில் மேல்தளத்து முன் இருக்கை. டிக்கெட்டுக்கு வங்கி அட்டையை இயந்திரத்தில் தட்டினால் போதும்.

உங்கள் மகன் சுற்றிக் காட்டும் விதம் அப்படியே உங்களுடையது. ஓர் இடத்துக்குப் போக வேண்டியது, அத்தையை அதன் முன்னால் நிறுத்த வேண்டியது, படம் எடுக்க வேண்டியது, "பார்த்தாச்சு, அடுத்தது போலாம்." முதல் இரண்டு நாள் படங்களை அறையில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அத்தை கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மணிக்கூண்டு அவருக்கு முதுகுக்குப் பின்னால், அரண்மனையும் முதுகுக்குப் பின்னால். நீங்கள் எடுத்த நயாகரா படத்திலும் அப்படித்தான் இருக்கிறார் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் அப்பாவும் மகளும் ராட்சதச் சக்கரத்தில் ஏறப் போனார்கள். அத்தை வரவில்லை என்றார். நானும் அவரும் மாடிப் பேருந்தில் ஏறி, முன் இருக்கையைப் பிடித்து, அது போய் நிற்கும் இடம் வரைக்கும் போனோம். நான் கட்டடங்களைக் காட்டிக்கொண்டே வந்தேன். அவர் "ம்ம்" போட்டாரே தவிர, கண் வேறெங்கோ இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் கிழவிகள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு, கையில் அட்டையை வைத்துக்கொண்டு, துணைக்கு ஆளில்லாமல் வருகிறார்கள். அத்தை அவர்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கி நடப்பவர்களைத் தலை திருப்பிப் பார்த்தார்.

"அந்தம்மாளுக்கு என்னைய விட வயசு சாஸ்தியா இருக்கும் அம்மிணி. தனியாத்தான் போகுது பாரு" என்றார்.

"இங்க பஸ் இருக்குதுங்க அத்தை" என்றேன்.

"நம்மூர்லயுந்தான் இருக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, வீட்டை விற்றே ஆக வேண்டுமா என்று கேட்டார். உங்கள் மகனிடம் நேராகக் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டால் அவன் சங்கடப்படுவான் என்றார். இத்தனை நாள் அவர் வாய் திறக்காததன் காரணம் இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஈஸ்ட் ஹாம் என்ற பகுதியில் தோசை சாப்பிடப் போனோம். அந்தத் தெருவில் பாதிக்குப் பாதி தமிழ்ப் பலகைகள், நீங்கள் பார்த்திருந்தால் கடை கடையாக ஏறி இறங்கியிருப்பீர்கள். கடைசி நாளுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த உங்கள் மகன், டவர் பிரிட்ஜ் பார்த்தாச்சு, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார். அதே மூச்சில் ஈரோட்டு விஷயத்துக்குத் தாவினார். வக்கீலிடம் பேசியாச்சு, வீட்டுக்கு ஆள் பார்த்தாச்சு, பதிவுக்கு நாள் குறிச்சாச்சு.

அத்தை தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"யாரு பேசுனது? யாரு நாள் குறிச்சது?"

உங்கள் மகனுக்குக் கேள்வியே புரியவில்லை. புரியாதுதான், மாமா. நம் வீட்டில் எல்லாமே "ஆச்சு" தான். டிக்கெட் போட்டாச்சு, பெண் பார்த்தாச்சு, முடிவு பண்ணியாச்சு. யார் செய்தது என்று அந்தச் சொல்லில் எங்கேயும் இல்லை. தானாக மழை பெய்த மாதிரி எல்லாம் நடந்துவிடும். எல்லாரும் செய்ததாகவும் இருக்கும், அத்தையை யாரும் கேட்கவில்லை என்பதும் வெளியே தெரியாது. நானும் பதினாறு வருஷமாக இந்த வீட்டில் அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அந்தப் பாலத்தை நீ பாத்த கண்ணு. நான் பாக்கல, போட்டோவுக்கு நின்னேன்" என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. "வீட்டை உங்கப்பா என் பேர்லதான் வாங்குனாரு. கையெழுத்து நாந்தான் போடோணும். நான் போடல."

ஈரோட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினால் கிரீன் கார்டு போய்விடும் என்றார் உங்கள் மகன். தனியாக இருந்து கீழே விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மேல் வீட்டில் குடியிருக்கும் நர்ஸ் பெண் தினம் எட்டிப் பார்ப்பாள் என்றார். கார்டு போனால் போகட்டும், முன்னே மாதிரி விசா எடுத்து வருகிறேன் என்றார். இதுவரை தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கயல்தான் அடுத்துப் பேசினாள்.

"டாட், டிட் எனிபடி ஆஸ்க் ஹெர்?"

பாட்டியை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா என்கிறாள்.

மறுநாள் பாலத்துக்குத்தான் போனோம். கப்பல் வரும்போது பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே எழும்; எப்போது எழும் என்று முன்கூட்டியே வலைத்தளத்தில் போட்டுவிடுகிறார்கள், பார்த்துவிட்டுப் போவது நல்லது. கரையோரத்தில் ஒரு திண்டில் அத்தை உட்கார்ந்தார். பாலம் எழுந்தது, பாய்மரக் கப்பல் ஒன்று நிதானமாக உள்ளே வந்தது, பாலம் இறங்கியது, நின்றிருந்த பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. சுற்றி நின்ற கூட்டம் கலைந்துவிட்டது. அத்தை எழவில்லை. உங்கள் மகன் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் இறுக்கம் இல்லை.

ஈரோட்டில் வீட்டை விற்கவில்லை. வாங்க வந்தவரிடம் உங்கள் மகனே போன் செய்து சொல்லிவிட்டார். குளியலறையில் பிடிமானக் கம்பி போட்டுக் கொடுத்து, அத்தையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் திரும்பும் விமானம் கிளம்பும்வரை உங்கள் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், இப்போது தினமும் இரண்டு வேளை அத்தையோடு வீடியோ காலில் பேசுகிறார். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை, மாமா. போன் எடுக்கத் தாமதமானால் மேல் வீட்டு நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டுவிடுகிறேன். அத்தை மட்டும் நன்றாகத் தூங்குவதாகச் சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, உங்களோடு காலை நடை போனவர்களின் மனைவிமார்களுக்கு லண்டன் கதையெல்லாம் சொன்னதாகச் சொன்னார். விமான நிலையக் கதையைக் கேட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவர்களில் ஒருத்தி, நீங்கள் கூட இருந்திருந்தால் பாலத்தருகே அத்தையை அவ்வளவு நேரம் உட்கார விட்டிருப்பீர்களா என்று கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு அத்தை என்னிடம் சொன்னார்:

"அவரு எந்திரி, போலாம்னுதான் சொல்லியிருப்பாரு அம்மிணி. நான் வரலீங்க, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு ஒருக்காச் சொல்லியிருந்தா, அவரும் பக்கத்துல ஒக்காந்திருப்பாரு. நாந்தான் ஒருக்காக்கூடச் சொல்லவே இல்லியே."

உட்கார்ந்திருப்பீர்களா, மாமா? உங்களை எனக்குத் தெரிந்த அளவில் யோசித்துப் பார்த்தேன். வாட்சைப் பார்த்திருப்பீர்கள், முனகியிருப்பீர்கள், ஆனாலும் உட்கார்ந்திருப்பீர்கள் என்றுதான் அத்தையிடம் சொன்னேன். நான் சொன்னது சரிதானே?

அடுத்த வருஷம் பாரிஸ் போகலாம் என்கிறார் அத்தை. கட்டாயம் கூட்டிப் போகிறேன். அவர் எங்கே உட்கார்ந்தாலும், அவராக எழுந்திருக்கும் வரை நாங்கள் யாரும் எழ மாட்டோம். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

உங்களைக் கேலி செய்ய உரிமை உள்ள ஒரே மருமகள்,
சுதா