அரிசிக்குள் வைத்த போன்

மருமகளே, கோபம் இருந்தாலும் கதவில் செருகியிருக்கும் இந்தக் கடிதத்தைப் படி, ஒரு சின்னக் கதை சொல்கிறேன். தண்ணீரில் விழுந்த உன் போனை அரிசிக்குள் வைத்தால் ஈரம் போய்விடும் என்று எவரோ சொன்னதை நம்பினாள் ஒரு கிழவி. நான்தான். மூன்று நாளில் உள்ளே துரு ஏறிவிட்டது.

"சோறு வடிக்கவா போட்டீங்கம்மா? அன்னைக்கே கொண்டு வந்திருக்கலாமே!" என்றார் ரிப்பேர்க்காரர். என் மகன் கண்மூடுவதற்கு முன் உனக்குப் பேசி அனுப்பிய குரல்பதிவு அதற்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இன்று காலை கழற்றிப் பார்க்கிறாராம். கூட இருக்கப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி எதிர்வீட்டில்.

குரல் கிடைத்தால் நான் கேட்கமாட்டேன். முதலில் நீ கேள்.

பி.கு: கிடைக்காவிட்டால் வாய்விட்டுத் திட்டிவிடு, பேசாமல் மட்டும் இருக்காதே. நீயும் பிள்ளைகளும் வாழும் இந்த வீட்டில் பேச்சும் சிரிப்பும் குறைவில்லாமல் இருக்கட்டும், கண்ணு.